பெரட்டுக்களமும் பலிபீடமும்



லூக்காஸ் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை வைத்துக்கொண்டு, லுணுகலைப் பக்கத்துத் தோட்டக் கோயில் ஒன்றிலே சில மாதங்களுக்கு முன் ஒரு பிரசங்கம் செய்தேன். இரா முழுவதும் உழைத்தும் ஒரு மீன்கூட அகப்படாத இராயப்பர், ஆண்டவர் சொன்ன ஒரே வார்த்தைக்காக மறுபடியும் ஆழத்திலே வலையைப் போட்ட சம்பவம் அது. கீழ்ப்படிதலின் மேன்மையைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினேன். நன்றாகப் பேசிவிட்டேன் என்று எனக்கே ஓர் எண்ணம். பூசை முடிந்து, பூசை உடுப்பைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்த வேளையில் ஒரு வாலிபன் வந்து நின்றான். கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவன்.

"சாமி, கோவிச்சுக்காதீங்க. கீழ்ப்படியணும் கீழ்ப்படியணும்னு சொன்னீங்க. எங்க பாட்டன், பூட்டன் எல்லாம் கங்காணிக்குக் கீழ்ப்படிஞ்சாங்க. கணக்கப்பிள்ளைக்குக் கீழ்ப்படிஞ்சாங்க. தொரைக்குக் கீழ்ப்படிஞ்சாங்க. எங்களுக்கு மிஞ்சினது இந்த ஒத்தைக் காம்பராதான். இப்ப கோயில்லயும் அதேதானா?"

நான் ஏதோ பதில் சொன்னேன். இயேசுநாதர் துரையல்ல, அவர் நம்மை நேசிக்கிறவர் என்பதுபோல ஏதோ சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். தலையை ஆட்டியதிலேயே அவனுக்குத் திருப்தி இல்லை என்பது தெரிந்தது. பதுளைக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடேயே வந்தது. இன்றைக்கு எழுதுவது அவனுக்குச் சொல்லாமல் விட்ட பதில்.

முதலில் அவன் சொன்னது உண்மை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கீழ்ப்படிதல் என்ற சொல் நமது மலைகளிலே கசப்பான சொல். பழைய காலத்தில் விடியுமுன்னே தப்பு அடித்து ஆட்களை எழுப்புவார்கள். குளிரிலும் மழையிலும் பெரட்டுக்களத்திலே வரிசையாக நிற்க வேண்டும். இன்று எந்த மலை, என்ன வேலை, கொழுந்தா, கவ்வாத்தா, கான் வெட்டா என்பதைச் சொல்லுகிறவர் சொல்லுவார். கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டு போவார்கள். பிந்தி வந்தவனைத் திருப்பி அனுப்புவார்கள். கொழுந்து நிறுவை குறைந்தால் அரைப் பேர். எதிர்த்துப் பேசினால் பற்றுச்சீட்டைக் கையிலே கொடுத்துக் குடும்பத்தையே தோட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். அந்தக் களத்திலே ஒருவரும் "ஏன்?" என்று கேட்டதில்லை. கேட்க முடியாது.

தோட்டத்துக்குள் மட்டுமா? 1948-ம் ஆண்டின் 18-ம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது நமது மக்களை ஒருவரும் கேட்கவில்லை. 1964 ஒக்டோபர் 30-ம் திகதி இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம் என்று பங்கிட்டபோதும் கேட்கவில்லை. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் சரிபாதியாகப் பிரித்தபோதும் கேட்கவில்லை. பதுளை, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை ரயில் நிலையங்களிலே அண்ணனைத் தம்பியும் தாயை மகளும் கட்டிப்பிடித்து அழுது பிரிந்தார்கள். அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது. தலைமன்னார்க் கப்பல் 1984-ல் நின்றது. அழுகை அத்துடன் நிற்கவில்லை. மிஞ்சியவர்களுக்குப் பிரசாவுரிமையை முழுமையாக வழங்கும் சட்டம் 2003-ல்தான் நிறைவேறியது. ஐம்பத்தைந்து வருடங்கள்! இப்படிப்பட்ட மக்களிடம் போய், கீழ்ப்படியுங்கள் என்று பிரசங்கம் செய்கிற குருவானவர் கொஞ்சம் நிதானித்துப் பேச வேண்டும். நான் நிதானிக்கவில்லை.

இனி வேதாகமத்துக்கு வருவோம். நமது தமிழிலே ஒரு சொல் இருக்கிறது: கேள். காதால் கேட்பதும் கேட்டல்தான். பெற்றோர் சொற்கேட்டு நடப்பதும் கேட்டல்தான். ஒன்றை விளங்காமல் வினாவுவதும் கேட்டல்தான். "என் மகன் சொன்னால் கேட்பான்" என்று ஒரு தாய் பெருமைப்படுகிறாள். அதே தாய், "எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிறான்" என்று சலித்துக்கொள்கிறாள். இரண்டும் ஒரே சொல். பெரட்டுக்களத்திலே முதல் இரண்டு கேட்டலும் இருந்தன. மூன்றாவதற்கு அனுமதி இருக்கவில்லை. அனுமதி இல்லாதபடியால் முதல் இரண்டும் கெட்டுப்போயின.

இராயப்பரைப் பாருங்கள். ஆண்டவர் வலையைப் போடச் சொன்னவுடன் அவர் பேசாமல் போடவில்லை. முதலிலே தம்முடைய நிலைமையைச் சொல்லுகிறார். இரா முழுவதும் பாடுபட்டோம், ஒன்றும் கிடைக்கவில்லை என்று முறையிடுகிறார். அதிலே கொஞ்சம் அலுப்பும் இருக்கிறது; தச்சன் மகன் மீன்காரனுக்கு மீன் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதா என்ற நினைப்பும் இருந்திருக்கலாம். கழுவி வைத்த வலையை மறுபடியும் நனைப்பது என்றால் மறுபடியும் கழுவ வேண்டும்; அது லேசான வேலையல்ல. இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஆனாலும் நீர் சொல்லுகிறீர் என்பதற்காகப் போடுகிறேன் என்கிறார். ஆண்டவர் அந்த முறைப்பாட்டுக்காக அவரைக் கண்டிக்கவில்லை.

தேவமாதாவும் அப்படியே. தேவதூதன் மங்கள வார்த்தை சொன்னபோது, கன்னியாகிய எனக்கு இது எப்படி ஆகும் என்று கேட்டார்கள். கேட்டு, பதிலைப் பெற்று, பிறகுதான் தம்மை ஆண்டவருடைய அடிமையாக ஒப்புக்கொடுத்தார்கள். நாம் மாதாவின் சம்மதத்தை மட்டும் மணியடித்து நினைவுகூருகிறோம். மாதாவின் கேள்வியை மறந்துபோகிறோம். அதற்கு மேலாக, ஜெத்சமனித் தோட்டத்திலே நமது இரட்சகர் பட்டதை நினையுங்கள். இந்தப் பாத்திரம் என்னை விட்டு நீங்காதா என்று ஒரு தரமல்ல, மூன்று தரம் கேட்டார். இரத்த வியர்வை வியர்த்துக் கேட்டார். தேவசுதனே பிதாவிடம் கேட்டிருக்க, ஒரு தோட்டத்து வாலிபன் என்னிடம் கேட்டதற்கு நான் ஏன் முகம் சுளித்தேன்?

மத்தேயு எழுதிய இரண்டு புத்திரர்களின் உவமை நமது தோட்டத்துக்கென்றே சொல்லப்பட்டதுபோல இருக்கிறது. தகப்பன் இரண்டு பேரையும் தோட்டத்துக்கு வேலைக்குப் போகச் சொல்லுகிறான். ஒருவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மனம் மாறிப் போனான். மற்றவன் இதோ போகிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகவேயில்லை. பயத்தினால் கீழ்ப்படிகிறவர்கள் இந்த இரண்டாவது பிள்ளையைப் போல ஆகிவிடுகிறார்கள். துரை நிற்கும்போது "சரிங்க தொரை". துரையின் தலை மறைந்ததும் கூடை கீழே. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; களம் அவர்களுக்குப் பழக்கியது அதைத்தான். அதே பழக்கம் கோயிலுக்குள்ளும் வருகிறது. "சரிங்க சாமி" என்று சொல்லுவார்கள். குருவானவரின் மோட்டார் சைக்கிள் வளைவு திரும்பியதும் எல்லாம் பழையபடி. மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லுகிற ஒருவன் ஒருவேளை தேவ இராச்சியத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறான்.

கட்டளையிடுகிறவனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29-ம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடிப்போட்டது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, அங்கிருந்து போய்விட வேண்டும் என்று முன்னமேயே அறிவிக்கப்பட்டிருந்தது. சொல்லியும் கேட்கவில்லையே என்று அன்றைக்குப் பலர் பேசினார்கள். நான் ஒன்று கேட்கிறேன்: எங்கே போவது? சொந்தமாக ஒரு பேர்ச் காணி இல்லாதவனுக்கு, லயத்தைவிட்டு எழும்பு என்று சொன்னால் மட்டும் போதுமா? 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழையோடு பதுளை மாவட்டத்திலே மறுபடியும் மலைகள் சரிந்தன. மறுபடியும் அதே பேச்சுக் கேட்டது. ஆபிரகாமை ஊரைவிட்டுப் புறப்படச் சொன்ன சர்வேசுரன், நான் காட்டும் தேசத்துக்குப் போ என்றும் சொன்னார். போகுமிடத்தைக் காட்டாமல் புறப்படச் சொல்லுவது கட்டளையல்ல, கைகழுவுதல். அதைப் பிலாத்து செய்தான்.

நமது ஊவாத் திருச்சபைக்கு ஆண்டவர் தந்த ஒரு கொடையை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பதுளை மேற்றிராசனம் 1972 டிசெம்பர் 18-ம் திகதி நிறுவப்பட்டது. அதுவரைக்கும் நாம் கண்டியோடு இருந்தோம். 1959 தொடக்கம் கண்டியின் ஆயராக இருந்தவர் லியோ நாணயக்கார ஆண்டகை, ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. பெரிய கோவிலும் பெரிய கல்லூரிகளும் உள்ள பழைய மேற்றிராசனத்தை விட்டுவிட்டு, கத்தோலிக்கர் தொகையும் கொஞ்சம், கையிருப்பும் கொஞ்சம் என்றிருந்த இந்தப் புதிய இடத்துக்குத் தாமே விரும்பி வந்து நமது முதல் ஆயரானார். 1982-ல் இறைவனடி சேரும்வரை இங்கேயே இருந்தார். கீழ்ப்படியச் சொல்லுகிறவர் தாம் முதலில் கீழே இறங்கிவர வேண்டும் என்பதை அவர் பிரசங்கமாக அல்ல, பிரயாணமாகச் செய்து காட்டினார். கீழ்ப்படிதல் என்ற நமது சொல்லிலேயே கீழ் என்பதும் படிதல் என்பதும் இருக்கின்றன. வெள்ளம் தாழ்ந்த இடத்திலே போய்ப் படிகிறதல்லவா?

அவர் அழைத்து வந்தவர்களிலே ஒருவர் அமலமரித் தியாகிகள் சபைக் குருவானவர் மிக்கேல் ரொட்ரிகோ. பண்டாரவளையில் சேவக்க செவன என்ற குருமடத்திலே, நமது நாட்டு மொழியிலும் நமது நாட்டு மக்களின் வாழ்க்கையிலும் ஊறிய குருக்களை உருவாக்கும் முயற்சியிலே உழைத்தார். மெத்தப் படித்தவர். 1980-ல் அவர் மொனராகலை மாவட்டத்துப் புத்தலைக்குப் பக்கத்திலே அலுகலவித்த என்ற பௌத்த கிராமத்துக்குப் போய், ஏழை விவசாயிகளோடு ஒரு சிறிய வீட்டிலே குடியிருந்தார். ஒருவரையும் மதம் மாற்றப் போகவில்லை. அயலானாக இருக்கப் போனார். நாட்டிலே இரத்தம் ஓடிய வருடங்கள் வந்தன. பயமுறுத்தல்களும் வந்தன. போய்விடுவதா, இருப்பதா என்ற கேள்வி அவர் முன்னும் அங்கே அவரோடு இருந்த அருட்சகோதரிகள் முன்னும் நின்றது. அவர்கள் அதைக் கூடிப் பேசினார்கள், செபித்தார்கள், இருந்துவிட்டார்கள். 1987 நவம்பர் 10-ம் திகதி மாலை திருப்பலி வேளையிலேயே அவர் சுடப்பட்டு இறந்தார். அவரை அங்கே இருக்கச் சொல்லி எந்தப் பெரட்டுக்களத்திலும் யாரும் பெயர் வாசிக்கவில்லை. ஆனாலும் அவர் யாருக்கோ கீழ்ப்படிந்திருந்தார். அந்த வாலிபனுக்கு நான் இவரைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

திருச்சபைச் சட்டத்திலும் இது இருக்கிறது. 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலே 212-ம் சட்டம், மேய்ப்பர்கள் போதிப்பதை விசுவாசிகள் கிறீஸ்தவக் கீழ்ப்படிதலோடு ஏற்க வேண்டும் என்று சொல்லுகிறது. அதே சட்டத்தின் அடுத்த பிரிவுகள், விசுவாசிகள் தங்கள் தேவைகளையும் விருப்பங்களையும் மேய்ப்பர்களுக்கு எடுத்துச் சொல்லலாம் என்றும், திருச்சபையின் நன்மையைப் பற்றித் தங்கள் கருத்தைச் சொல்லுவது சில வேளைகளில் அவர்களின் கடமையே என்றும் சொல்லுகின்றன. நாங்கள் குருக்கள் முதற்பிரிவை மனப்பாடம் செய்திருக்கிறோம்.

இப்போது என்னுடைய சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்திலே திருவிழாவுக்கு மேல் லயமும் கீழ் லயமும் சண்டை. சப்பரம் எந்த லயத்து வழியாக முதலில் போவது, சென்ற வருடத்துக் கணக்கிலே மிஞ்சிய காசு யாரிடம் இருக்கிறது, இப்படியான விஷயங்கள். அதோடு சாராயமும் சேர்ந்துகொண்டது. கொடியேற்றத்துக்கு முந்திய கிழமை நான் போய், பலிபீடத்துக்கு முன்னே நின்று, இந்த வருடம் சப்பரமும் இல்லை, சுற்றுப்பிரகாரமும் இல்லை என்று அறிவித்துவிட்டேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. சங்கீர்த்தனத்தொட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காருகிற ஒரு பாட்டி, கொழுந்தெடுத்தே விரல்கள் கறுத்துப்போனவர், வெளியே வந்து என் கையைப் பிடித்துச் சொன்னார்:

"சாமி, தப்பு எங்க புள்ளைங்க மேலதான். ஆனா நீங்க பெரட்டுல பேரை வெட்டுற மாதிரிப் பேசிட்டீங்களே சாமி."

அன்று இராத்திரி எனக்கு நித்திரை வரவில்லை. நான் சொன்ன தீர்மானம் பிழையென்று இன்றும் நினைக்கவில்லை. அடிபிடியோடு அந்தோனியாரைச் சுமப்பதைவிட அவரைக் கோயிலுக்குள்ளேயே வைத்திருப்பது நல்லது. ஆனால் சொன்ன விதம் துரைமாருடைய விதம். அடுத்த நாள் கீழ் லயத்துக்குப் போய் ஒரு இஸ்தோப்பிலே உட்கார்ந்தேன். தேத்தண்ணீர் கொண்டுவந்தார்கள். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு பேசினார்கள், எனக்குத் தெரியாத பலது வந்தது. காசுச் சண்டை என்று நான் நினைத்தது காசுச் சண்டையே அல்ல. முந்திய மழையிலே கீழ் லயத்துக் கூரை பறந்தபோது மேல் லயத்தார் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை என்ற மனத்தாங்கல் அது. மேல் லயத்திலே போய்க் கேட்டால் அவர்களுக்கு வேறொரு நியாயம். இரண்டு பொழுது இப்படிப் போனது. கடைசியில் அவர்களே, இந்த வருடம் சப்பரம் வேண்டாம், பூசையும் அன்னதானமும் போதும் என்று தீர்மானித்தார்கள். என்னுடைய தீர்மானமும் அதுதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். மூன்று குடும்பங்கள் என் முதல் அறிவிப்பிலேயே கோபித்துக்கொண்டு, டவுனிலே நடக்கிற ஒரு செபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கிவிட்டன. இரண்டு இன்னும் திரும்பவில்லை. அந்த வீடுகளைக் கடக்கும்போது நின்று பேசிவிட்டுத்தான் போகிறேன்.

குருக்களின் குறையைச் சொன்னேன். இனி உங்கள் குறையையும் சொல்ல விடுங்கள். அது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது.

நமது தோட்டக் கோயில்களிலே மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறுதான் பூசை. பாதை அப்படி, தூரம் அப்படி, குருக்களின் தொகையும் அப்படி. பூசையுள்ள ஞாயிறு கோயில் நிறைகிறது. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் மணியடித்துவிட்டு ஏழெட்டுப் பேரோடு செபம் சொல்லுகிறார். கேட்டால், "சாமி வரலையே, பூசை இல்லையே" என்கிறீர்கள். பூசைக்கு ஈடு இல்லை என்பது மெய். ஆனால் குருவானவர் இல்லாத இடத்தில் தேவ வார்த்தையின் வழிபாட்டில் பங்குபற்றும்படி அதே சட்டத் தொகுப்பின் 1248-ம் சட்டம் வற்புறுத்திச் சொல்லுகிறது. 1988-ல் உரோமாபுரி இதற்கென்றே ஒரு வழிநூலையும் வெளியிட்டது. இது ஏதோ கிடைக்காததற்குக் கிடைத்த பதில் வழி என்று நினைக்க வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லுவதில்லை. ஒரு தோட்டத்திலே உபதேசியார் வேலையை ஒரு அக்கா செய்கிறார். கிழமையெல்லாம் கொழுந்து மலையில் நிற்கிறவர். ஞாயிறு வெள்ளைச் சேலை உடுத்து வாசகம் வாசிக்கிறார். "அவ என்ன, நம்ம கூட நிறை நிக்கிறவதானே, அவ சொல்லி நாம கேக்கிறதா?" என்று ஒருவர் சொன்னது என் காதுக்கு வந்தது. இதைக் கேட்டு எனக்குக் கோபத்தைவிடத் துக்கமே வந்தது. வெள்ளைக்காரத் துரை சொன்னதைக் கேட்டோம், கறுப்புத் துரை சொன்னதைக் கேட்டோம், நம்மோடு ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிறவள் ஆண்டவருடைய வார்த்தையை வாசித்தால் மட்டும் நமக்குக் காது அடைத்துப்போகிறது. நாசரேத்தூராரும் இதையேதான் சொன்னார்கள். இவன் தச்சனல்லவா, இவனுடைய உறவினர் நம்மோடு இல்லையா என்றார்கள். அவர்களுடைய விசுவாசக் குறைவினால் ஆண்டவர் அங்கே அதிகமாகப் புதுமைகள் செய்ய முடியாமற்போயிற்று.

இலங்கைத் திருச்சபை எப்படிப் பிழைத்தது தெரியுமா? ஒல்லாந்தர் 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். அதன்பின் ஏறக்குறைய 30 வருடங்கள், 1687-ல் புனித யோசேப்வாஸ் முனிவர் வந்து சேரும்வரை, அந்த மக்களுக்குப் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, அவஸ்தைப்பூசுதல் இல்லை. தகப்பன்மார் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தார்கள். செபமாலையை ஒளித்து வைத்துச் செபித்தார்கள். அவர்களும் சாமி வரவில்லையே என்று படுத்திருந்தால், முனிவர் வந்தபோது தேடிக் கண்டுபிடிக்க ஒரு கிறீஸ்தவனும் இருந்திருக்க மாட்டான். பின்பு அவரும் சில்லாலையிலும் கண்டியிலும் ஊரூராகப் போகுமிடமெல்லாம், தாம் இல்லாத காலத்திலே சபையைக் கவனிக்க ஊரிலுள்ளவர்களையே நம்பினார். குருவானவர் அடுத்த முறை எப்போது வருவார் என்று சொல்ல முடியாத காலம் அது.

அந்த முனிவர் எந்தக் கோலத்தில் இலங்கைக்கு வந்தார் என்பதையும் கேளுங்கள். குருவின் அங்கியிலே வந்திருந்தால் பிடித்திருப்பார்கள். கூலியாளின் கோலத்தில் வந்தார். கூலி! நமது முன்னோரை மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடத்திக்கொண்டு வந்து, அவர்கள் பெயருக்குப் பதிலாக வைத்த பெயர் அது. அந்தச் சொல்லை இந்த மலைகளிலே எத்தனை பேர் எத்தனை விதமாக நம்மேல் எறிந்திருக்கிறார்கள்! 1995-ல் பரிசுத்த பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் காலிமுகத்திடலிலே முத்திப்பேறுபெற்றவர் என்றும், 2015 ஜனவரி 14-ம் திகதி அதே திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் என்றும் பிரகடனம் செய்தது, அந்தக் கோலத்தை உடுத்தி வந்த ஒருவரை. நம்மோடு நிறை நிற்கிற அக்காவின் வாயால் ஆண்டவர் பேசுவது நமக்கு மானக்குறைவு என்றால், அவர் நமது வாசலுக்கு இனி எந்தக் கோலத்தில் வருவது?

இராயப்பரின் வலையிலே மீன் நிறைந்தபோது நடந்ததையும் விட்டுவிடக் கூடாது. ஓர் ஓடத்தால் இழுக்க முடியவில்லை. மற்ற ஓடத்திலிருந்த கூட்டாளிகளைக் கையசைத்துக் கூப்பிட்டார்கள். கீழ்ப்படிந்தவன் ஒருவன்; ஆனால் கரையேற்ற எல்லாரும் வேண்டியிருந்தது. தோட்டத்து ஞாயிறும் இதுதான். ஒருவர் மணியடிக்க, ஒருவர் பீடத்து மெழுகுதிரியைப் பார்க்க, ஒருவர் வாசிக்க, ஒருவர் பாட்டெடுக்க, ஒருவர் கிழவிக்குக் கைகொடுத்து ஏற்றம் ஏற்றிக் கூட்டிவர வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். செபம் முடிந்த பிறகு பத்து நிமிடம் எல்லாரும் உட்கார்ந்து, இந்தக் கிழமை எந்த வீட்டில் வருத்தம், எந்தப் பிள்ளை பாடசாலைக்குப் போகவில்லை, யாருக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்க உதவி வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். பேசியதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நான் வரும் ஞாயிறு அந்தக் கொப்பியை முதலில் வாசித்துவிட்டுத்தான் பிரசங்கத்துக்கு எழும்புவேன். அதிலே என்னைப் பற்றிய முறைப்பாடு இருந்தாலும் சரி.

அந்த வாலிபனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவனுக்கு ஆளனுப்பி, அடுத்த செபத்துக்கு வந்து முதலாம் வாசகத்தை நீ வாசிக்கலாமே என்று கேட்டேன். யோசித்துச் சொல்லுகிறேன் என்றான். நான் போகாத ஞாயிறு ஒன்றில் அவன் வந்தானாம்; ஆனால் உள்ளே வரவில்லை. வாசல்நிலையிலே சாய்ந்துகொண்டு நின்றானாம். உபதேசியார் அக்கா இஸ்ராயேலின் நீண்ட பெயர் ஒன்றிலே தடுக்கியபோது, நின்ற இடத்திலிருந்தே அதைத் திருத்திச் சொன்னானாம். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ்வளவு தெரிஞ்சா உள்ள வந்து நீயே வாசி தம்பி" என்று புத்தகத்தை நீட்டியிருக்கிறார். "ஏன் நான் வாசிக்கணும்?" என்று கேட்டானாம். அக்கா அதற்கு என்ன பதில் சொன்னார் என்று எனக்கு இன்னும் தெரியாது. வரும் ஞாயிறும் எனக்குப் பசறைப் பக்கம் பூசை. அதற்கு அடுத்த ஞாயிறுதான் அங்கே போகிறேன்.